ஆம் என்று மட்டுமே சொல்லும் சோதனை: பாளையங்கோட்டையில் 2147483647

இங்கே எடுத்துக்கொண்ட நிகழ்வு சிறியது. கல்லூரி மாணவர் ஒருவர் தன் ப்ராஜெக்ட்டுக்காக எழுதிய புரோகிராம், 2147483647 ஒரு பகா எண் என்று சொன்னது. சொன்னது சரிதான். ஆனால் எந்தக் காரணத்தை வைத்து அது அப்படிச் சொன்னதோ, அந்தக் காரணத்தில் சத்து இல்லை. விடை சரி, சான்று செல்லாது. அதை எப்படிக் கண்டுகொண்டோம், பிறகு செல்லுபடியாகும் சான்றைக் கையாலேயே எப்படித் தேடி எடுத்தோம் என்பதைப் படிப்படியாக எழுதி வைக்கிறேன். கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு உட்காருபவர்களுக்கும் பயன்படும்.

பாளையங்கோட்டையில் ஞாயிறு காலைகளில் நாங்கள் சிலர் கூடுவோம். கணக்கில் பிரியம் உள்ள யாரும் வரலாம். பாடத்திட்டமோ தேர்வோ கிடையாது. அந்தப் புரோகிராமை எழுதிய மாணவர் நாங்குநேரிப் பக்கம். கூட்டத்தில் தென்காசியை அடுத்த வல்லத்திலிருந்து பஸ் ஏறி வரும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி உண்டு. வீரவநல்லூர்க்காரர், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் உண்டு. அவர் கையில் எப்போதும் கடைகளில் வைத்திருக்கும் பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டர் இருக்கும். இந்த மூவரும் இல்லாவிட்டால் இந்த நிகழ்வே இல்லை.

எண்ணைப் பற்றி முதலில். 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இரண்டை 31 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது: 2³¹ − 1. இப்படி 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுக்கு, பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி மாரின் மெர்சென்னின் பெயர் நிலைத்துவிட்டது. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் மெர்சென் எண்ணும் பகு எண்தான். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் எண்ணும் பகா எண்ணாக *இருக்கலாம்*, உறுதி கிடையாது. 3, 7, 31, 127 என்று நம்பிக்கை ஊட்டிக்கொண்டே வந்து, 2¹¹ − 1 = 2047-இல் கை விரித்துவிடும். 2047 = 23 × 89.

இந்த இடத்தில் தடுக்கி விழுந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. இத்தாலியக் கணிதர் கட்டால்டி 1588-இல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று முறையாகவே நிறுவினார். அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் அப்படித்தான் என்று சொல்லி வைத்தார். 2²³ − 1-ஐ 47 வகுக்கும், 2³⁷ − 1-ஐ 223 வகுக்கும் என்று 1640-இல் ஃபெர்மா காட்டினார். 2²⁹ − 1-ஐ 233 வகுக்கும் என்று 1738-இல் ஆய்லர் காட்டினார். நான்கில் மூன்று போய்விட்டது. மிஞ்சியது 31 மட்டும். ஆக, "முன்னோர் சொன்னார்" என்பதை நம்பி இந்த எண்ணை ஏற்க முடியாத நிலைமை ஆய்லர் காலத்திலேயே வந்துவிட்டது.

புரோகிராம் என்ன செய்தது

அதில் இருந்தது ஃபெர்மாவின் சிறிய தேற்றம். ஒற்றைப்படைப் பகா எண் ஒன்றை எடுத்துக்கொண்டு, 2-இன் அடுக்காக அதைவிட ஒன்று குறைந்த எண்ணைப் போட்டு, அந்தப் பகா எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வரும். 7-க்கு 2⁶ = 64; ஏழால் வகுத்தால் மீதி 1. இதைத் தலைகீழாக்கி, மீதி 1 வந்தால் பகா எண் என்று புரோகிராம் முடிவுகட்டியது.

தலைகீழாக்குவது எப்போதும் சரிவராது என்று மாணவருக்கே தெரியும். 341 = 11 × 31 பகு எண்ணாக இருந்தும் இந்தச் சோதனையில் தேறிவிடும் என்று அவரே கரும்பலகையில் எழுதிக்காட்டினார். அவருடைய வாதம் வேறு. பத்து லட்சத்துக்குள் பகா எண்கள் 78498 இருக்கின்றன. இந்தச் சோதனையை ஏய்க்கும் பகு எண்கள் வெறும் 245. "அவ்வளவு அபூர்வம்னா நம்பலாம்லா சார்?" என்று கேட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி எடுத்த எண்ணாக இருந்தால் அந்த வாதத்தை நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். இன்று கணினித் துறையில் பெரிய பகா எண்களைத் தேடும்போது இதைவிடக் கூர்மையான, ஆனால் இதே வகையைச் சேர்ந்த சோதனைகளைத்தான் முதல் சல்லடையாக வைக்கிறார்கள்.

வல்லத்து மாணவி மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, 2047-ஐ ஒருதடவ போட்டுப் பாருங்களேன்."

போட்டார். பகா எண் என்று வந்தது.

"எய்யா, அது 23 பெருக்கல் 89-லா? இப்பத்தானே போர்டுல எழுதுனோம்?" என்றார் அண்ணாச்சி. அடுத்து 8388607-ஐப் போட்டார்கள். அது 2²³ − 1, 47-ஆல் வகுபடும். அதற்கும் பகா எண் என்றே பதில். 536870911, அதாவது 2²⁹ − 1, 233-ஆல் வகுபடும். அதற்கும் அதே பதில். அபூர்வம் என்று சொன்னது மூன்று தடவை தொடர்ந்து நடந்துவிட்டது.

காரணத்தைத் தேடியபோது, கணக்கே போடத் தேவையில்லை என்று தெரிந்தது. 2¹¹ = 2048. அதை 2047-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியானால் அடுக்கு 11-இன் மடங்காக இருக்கும் ஒவ்வொரு தடவையும் மீதி 1-தான். சோதனையில் வரும் அடுக்கு 2046. அது 11 × 186. அவ்வளவுதான், மீதி 1 என்று உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடலாம். நம் எண்ணுக்கும் அப்படியே: 2³¹-ஐ 2147483647-ஆல் வகுத்தால் மீதி 1; சோதனையின் அடுக்கு 2147483646 = 31 × 69273666. புரோகிராம் அத்தனை பெருக்கல்களைச் செய்து கண்டுபிடித்தது, செய்யாமலே தெரிந்திருந்த ஒன்று.

அந்த 31 ஏன் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது? 2147483646 என்பது 2³¹ − 2. 31 பகா எண் என்பதால், ஃபெர்மா தேற்றப்படியே 2³¹ − 2 என்பது 31-ஆல் வகுபடும். அடுக்கு எந்தப் பகா எண்ணாக இருந்தாலும் இதே கதைதான். ஆகவே, பகா அடுக்கு உள்ள *எல்லா* மெர்சென் எண்களும், பகா எண்ணோ பகு எண்ணோ, 2-ஐ வைத்துச் செய்யும் இந்தச் சோதனையில் தேறியே தீரும். எதை வைத்தாலும் ஒரே எடையைக் காட்டும் தராசு அது. மற்ற எண்களுக்கு ஓரளவு விவரம் தரும் சோதனை, இந்தக் குடும்பத்துக்கு மட்டும் ஒரு விவரமும் தருவதில்லை. 245 என்ற எண்ணிக்கையை இங்கே கொண்டுவரவே கூடாது. மெர்சென் எண்ணை யாரும் குலுக்கல் முறையில் எடுப்பதில்லை. எந்த உருவம் சோதனையை ஏய்க்குமோ அதே உருவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்.

இந்த நிகழ்வில் நான் பெரிதாக மதிப்பது மாணவியின் அந்த ஒரு வரியை. விடை தெரிந்த எண்ணைக் கொடுத்துச் சோதனையையே சோதித்தாள். இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் இல்லை என்று சொல்கிறதா என்று பார்க்காத எந்தச் சோதனையின் "ஆம்" என்ற பதிலையும் நம்புவதற்கில்லை.

2-க்குப் பதில் 3-ஐ வைத்து ஓட்டிப் பார்த்தோம். 3²⁰⁴⁶-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1013. உடனே பிடிபட்டுவிட்டது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணில் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். அதைக் கண்டுபிடித்த ஜிம்ப்ஸ் கூட்டுத் திட்டமும் முதல் சல்லடைக்கு 3-ஐத்தான் வைக்கிறது, 2-ஐ வைப்பதில்லை. காரணம் இப்போது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். 23 என்ற எண் அன்று பலகையில் இருந்ததால் எஸ். எஸ். பிள்ளையின் பேச்சு வந்தது. 1901-இல் அந்த மாணவியின் வல்லத்தில் பிறந்தவர், நாகர்கோவிலில் படித்தார், எண்கணிதத்தில் உலகம் கவனித்த வேலையைச் செய்தார். எந்த எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத 73 போதும் என்று நிறுவியவர். 1950 ஆகஸ்ட் 31-இல் அமெரிக்கா செல்லும் வழியில் கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் போய்விட்டார். அவர் பெயரால் வழங்கும் பிள்ளைப் பகா எண்களில் மிகச் சிறியது இந்த 23-தான்: 14! + 1 என்பது 23-ஆல் வகுபடும், ஆனால் 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 1 வராது. தன் ஊரில் பிறந்தவர் அவர் என்பது அந்தப் பெண்ணுக்கு அன்றுவரை தெரியாது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. அது எனக்கு வருத்தம்.

ஆய்லரின் வழி

சரியான சான்றுக்கு முதலில் ஆய்லரைப் பின்தொடர்ந்தோம். 1772-இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் இந்த எண் பகா எண் என்று அவர் அறிவித்தார். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது. வகுத்து வகுத்துப் பார்ப்பதுதான் வழி. ஆனால் எதனால் வகுக்க வேண்டும் என்பதைச் சுருக்கியதில்தான் அவருடைய திறமை.

2147483647-இன் வர்க்கமூலம் 46340-க்குச் சற்று மேல். அதுவரை உள்ள பகா எண்கள் 4792. எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பது ஆகிற காரியம்தான், ஆனால் வதை.

இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வகுத்தியின் உலகத்தில், அதாவது எந்த எண்ணையும் அதனால் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் கணக்கில், 2³¹-க்கு மீதி 1. 31 பகா எண்ணாதலால், 2-இன் அடுக்குகள் 31 படிக்கு ஒருமுறை திரும்பும், அதற்கு முன் திரும்பாது. ஆகவே வகுத்தியில் ஒன்றைக் கழித்தால் 31-ஆல் வகுபட வேண்டும். அது ஒற்றைப்படையும்கூட, எனவே 62-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண்.

அடுத்த சல்லடை எனக்கு மிகவும் பிடித்தது. 2³² = 2 × 2³¹; மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம், அதாவது 65536-இன் வர்க்கம். ஆக, இந்த உலகத்தில் 65536-ஐ அதனாலேயே பெருக்கினால் 2 வருகிறது. அது இங்கே √2! பத்தாம் வகுப்புப் பாடத்தில் மட்டு எண்கணிதம் படித்த எந்தப் பிள்ளைக்கும் இது எட்டும். 2-க்கு வர்க்கமூலம் உள்ள பகா எண் உலகங்கள், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வருபவை மட்டுமே. இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், வகுத்தியை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வர வேண்டும். வேறு வழி இல்லை.

46340 வரை அப்படிப்பட்ட எண்கள் 373. அவற்றிலும் பகா எண்களைத்தான் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 80 தேறும். 4792 எங்கே, 80 எங்கே!

முதலில் 63 பகு எண், 249 பகு எண். 311 பகா எண். பிறகு 1303, 1489, 2543, 2729 என்று போகும். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டோம். அண்ணாச்சி முதல் எண்ணை எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டினார்: 311 × 6905092 = 2147483612, மீதி 35. போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஓரத்தில் ஒன்பது தள்ளிப் பார்த்தார். 2147483647-இன் இலக்கங்களைக் கூட்டினால் 46, அதிலிருந்து 10, அதிலிருந்து 1. வலப்பக்கத்தில் 311-க்கு 5, 6905092-க்கு 4. பெருக்கினால் 20, அதாவது 2. மீதி 35-க்கு 8. இரண்டும் எட்டும் பத்து, அதாவது 1. "ரெண்டு பக்கமும் ஒண்ணு. சரியா இருக்கு, அடுத்தத எடுங்க" என்றார். கால்குலேட்டர் வந்த பிறகும் இந்தப் பழக்கத்தை விடாத தலைமுறை அது. பிள்ளைகள் அன்றைக்கே பிடித்துக்கொண்டார்கள்.

1303-க்கு மீதி 226. 1489-க்கு 199. ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்த்து, பட்டியல் முடியும்வரை மீதி பூச்சியம் வரவில்லை. இதுவே முழுச் சான்று. ஆய்லர் சொன்னதை நம்பினோம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். நாங்களே வகுத்துப் பார்த்தோம்.

லூகாஸ்–லேமர் வழி

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மாணவர் விடவில்லை. வகுக்காமலே நிறுவும் சோதனை உண்டு என்று படித்திருந்தார். பிரெஞ்சுக்காரர் எத்வார் லூகாஸ் 1870-களில் கண்டது. 1930-இல் அமெரிக்கர் லேமர் செம்மைப்படுத்தியது. விதி ஒரு வரியில் அடங்கும்: 4-இல் தொடங்கு, வர்க்கப்படுத்து, 2-ஐக் கழி, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை எடு, திரும்பச் செய். அடுக்கில் இரண்டு குறைந்த தடவை செய்தபின் பூச்சியம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண்.

127-இல் (அடுக்கு 7, ஐந்து படிகள்) பழகினோம். இங்கே வகுத்தல் வேண்டாம், மடித்தால் போதும். 127-க்கு அடுத்த 128, 2-இன் அடுக்கு என்பதால், ஒரு எண்ணில் எத்தனை 128 இருக்கிறது என்று எடுத்து அதை மிச்சத்தோடு கூட்டினால் மீதி கிடைத்துவிடும். 4, 14, பிறகு 194: அதில் ஒரு 128, மிச்சம் 66, கூட்டினால் 67. 67-இன் வர்க்கத்தில் 2 குறைத்தால் 4487: அதில் 35 தடவை 128, மிச்சம் 7, கூட்டினால் 42. அடுத்து 1762: 13-உம் 98-உம், 111. அடுத்து 12319: 96-உம் 31-உம், 127. அதாவது பூச்சியம். கூடத்தில் கைதட்டினார்கள்.

இந்தத் தடவை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கையோடு 2047-ஐ எடுத்து ஓட்டினார்கள்: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூச்சியம் இல்லை. இந்தச் சோதனைக்கு இல்லை என்று சொல்லவும் தெரிகிறது.

பிறகு 2147483647. இருபத்தொன்பது படிகள். முதல் சில எளிது: 4, 14, 194, 37634, 1416317954. ஐந்தாம் படியில் பத்து இலக்க எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டருக்கு அடங்காது. அண்ணாச்சி இரண்டு உபாயம் சொன்னார். ஒன்று, எண் பாதிக்கு மேல் போனால் 2147483647-இலிருந்து கழித்து வரும் சிறிய எண்ணை எடுப்பது. வர்க்கத்தில் குறி மறைந்துவிடும். மற்றது, எண்ணை இரண்டு துண்டாக்கித் துண்டு துண்டாகப் பெருக்கிக் கூட்டுவது. அப்படி 1416317954-க்குப் பதில் 731165693. அதன் வர்க்கம் 534603270620170249. அதில் 2147483647 முழுதாக 248944047 தடவை போக, மீதி 669670840. இரண்டைக் கழித்தால் 669670838. நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே ஒரு படி.

ஒன்பது தள்ளும் சரிபார்ப்பு ஓரிடத்தில் கைவிட்டது. எட்டாம் படியில் 842014276 என்று வர வேண்டியதை, பெயர்த்தெழுதும்போது ஒருவர் 842041276 என்று எழுதிவிட்டார். இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. ஒன்பது தள்ளினால் தெரியாது. பதினொன்றால் பார்க்கும் முறை, அதாவது வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிப்பது, அதைக் காட்டிக்கொடுத்தது: முதல் எண்ணுக்கு 4, இரண்டாவதற்கு 10. அதன்பின் ஒவ்வொரு படிக்கும் இரண்டு சரிபார்ப்பும் கட்டாயம் என்று வைத்தோம். நீண்ட சங்கிலிக் கணக்கில் ஒரு கண்ணி தப்பினால் மீதி எல்லாம் வீண். ஜிம்ப்ஸ் திட்டத்திலும், பூச்சியம் வராத எண்களைக்கூட வேறொரு கணினியில் மறுபடி ஓட்டிச் சரிபார்ப்பதை வழக்கமாக வைத்திருந்தார்கள். ஒரு பிட் தவறினால் உண்மையான பகா எண்ணே கைநழுவிப் போகும்.

கடைசிப் படிகளில் நடந்ததுதான் இந்த நிகழ்வின் உச்சம். இருபத்தேழாம் படியில் 1181536708. அதை வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, மீதி எடுத்தபோது வந்தது ஐந்தே இலக்கம்: 65536.

"சார், இது நம்ம √2-லா!" என்று மாணவிதான் முதலில் கத்தினாள்.

அவள் சொன்னது சரி. அடுத்த படியில் பூச்சியம் வர வேண்டுமானால், இந்தப் படியின் வர்க்கத்துக்கு மீதி 2 ஆக இருக்க வேண்டும். இந்த எண்ணின் உலகத்தில் வர்க்கம் 2 ஆகும் எண்களில் ஒன்று 65536 என்று ஆய்லர் வழியில் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். பகா எண் என்றால் மற்றது அதன் எதிர்க்குறி எண் 2147418111 மட்டுமே. பத்து இலக்க எண்களாகத் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த வரிசை, ஆய்லர் சல்லடையில் கண்ட அதே எண்ணில் வந்து நின்றது. அடுத்த படி, இருபத்தொன்பதாவது: 65536-இன் வர்க்கம் 4294967296, இரண்டைக் கழித்தால் 4294967294, அது 2147483647-இன் சரியாக இரண்டு மடங்கு. மீதி பூச்சியம்.

பூச்சியம் வந்தால் ஏன் பகா எண்? இதைச் சொல்லாமல் விட்டால் நாங்களும் புரோகிராமின் பதிலை நம்பியவர்களாகவே ஆவோம். வரிசையின் ஒவ்வொரு எண்ணும், 2 + √3, 2 − √3 என்ற இரண்டின் அடுக்குகளைக் கூட்டினால் வருவது. நம் எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்து, அது வர்க்கமூலத்தைத் தாண்டாதது என்று கொள்வோம். அந்தக் காரணியின் உலகத்தில் √3-ஐயும் சேர்த்துக்கொண்டால், பூச்சியம் தவிர்த்து அங்கே உள்ள உறுப்புகள் அதிகபட்சம் காரணியின் வர்க்கத்தில் ஒன்று குறைவு. அது நம் எண்ணைவிடக் குறைவு. ஆனால் இருபத்தொன்பதாம் படியில் பூச்சியம் வந்ததால், 2 + √3-இன் அடுக்குகள் முதன்முதலில் 1-க்குத் திரும்புவது சரியாக 2³¹ படிகளுக்குப் பின்தான் என்று ஆகிறது. இடமே அவ்வளவு இல்லாத இடத்தில் அத்தனை வெவ்வேறு உறுப்புகள் எப்படி இருக்கும்? ஆகவே அப்படி ஒரு காரணி இல்லை. வகுக்காமலே கிடைத்த சான்று இது.

ஏழும் ஒரு சாட்சி

மூன்றாவதாக ஒன்றை நான் காட்டினேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இந்த எண்ணின் உலகத்தில் 7-இன் அடுக்குகள், பூச்சியம் தவிர்த்த அத்தனை எண்களையும் ஒன்று விடாமல் தொட்டுவிட்டுத்தான் 1-க்குத் திரும்பும். பகு எண்ணின் உலகத்தில் அப்படி நடக்க முடியாது. எனவே 7 ஒரு சாட்சி.

இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. 7⁵ = 16807. 5-க்கும் மேலே சொன்ன காரணிகளுக்கும் பொது இல்லாததால் 16807-உம் எல்லா எண்களையும் தொடும். 1-இல் தொடங்கி 16807-ஆல் பெருக்கிப் பெருக்கி மீதி எடுத்தால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று போய், 2147483646 எண்களையும் பார்த்துவிட்டே திரும்பும். கணினியில் தற்செயல் எண்களை உண்டாக்க இதை 1969-இல் முன்வைத்தார்கள். 1988-இல் பார்க், மில்லர் என்ற இருவர் குறைந்தபட்சத் தரமாக இதைப் பரிந்துரைத்தார்கள். இன்று இதைவிட நல்ல முறைகள் வந்துவிட்டன என்றாலும், எத்தனையோ மென்பொருள்களில் ஓடியது இந்தப் பகா எண்தான்.

பிள்ளைகள் இதை வேறு இடத்தில் சந்தித்திருந்தார்கள். குறியோடு கூடிய 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் இதுவே. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை அப்படி எண்ணிவரும் பழைய கணினி அமைப்புகளில், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு எண்ணிக்கை இந்த எண்ணைத் தொட்டு அதற்கு மேல் போக இடமில்லாமல் நிற்கும். அதற்கும் இது பகா எண் என்பதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டுக்கும் காரணம் 2³¹ − 1 என்ற உருவம்.

மாணவர் தன் ப்ராஜெக்ட்டை மாற்றி எழுதினார். பழைய சோதனையை நீக்கவில்லை. அதை முதல் அத்தியாயமாக வைத்து, 2047-க்கு அது என்ன பதில் சொன்னது, ஏன் சொன்னது என்று விளக்கி, அடுத்து லூகாஸ்–லேமர் சோதனையை நிறுவலோடு சேர்த்தார். புரோகிராம் எந்தச் சோதனையை ஓட்டியது, அந்தச் சோதனை எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்று விடைக்குக் கீழேயே அச்சிடும்படி செய்தார். அவர் செய்த வேலையில் மிக நல்லது அந்தக் கடைசி மாற்றம் என்பது என் எண்ணம்.

இப்போது பலகையில் இருப்பது 2⁶¹ − 1 = 2305843009213693951. மெர்சென் தன் பட்டியலில் விட்டுவிட்ட எண். ரஷ்யப் பாதிரியார் பெர்வூஷின் 1883-இல் பகா எண் என்று காட்டியது. ஆய்லர் வழியில் போனால் வகுத்திகள் 488-இன் மடங்கோடு ஒட்டிய இரண்டு வரிசைகளில் வரும். வர்க்கமூலம் 150 கோடிக்கு மேல் என்பதால் 62 லட்சத்துக்கும் அதிகமான எண்களைப் பார்க்க வேண்டும். கையால் ஆகாது. லூகாஸ்–லேமர் வழியில் 59 படிகள். ஒவ்வொன்றிலும் பத்தொன்பது இலக்க எண்ணின் வர்க்கம். ஐம்பத்தெட்டாம் படியில் வர வேண்டியது 2³¹, அதாவது 2147483648, அல்லது அதன் எதிர்க்குறி எண் என்று மாணவி இப்போதே ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அண்ணாச்சி நீளக் கோடு போட்ட கணக்கு நோட்டு வாங்கி வந்து, முதல் பக்கத்தில் துண்டு பிரிக்க மூன்று பத்தி வரைந்துவிட்டார்.